பந்துக்கு உயிர் வருமுன்

தவறு செய்கிறவனைத் தண்டிக்க உலகத்தில் எங்கும் ஆள் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர், தெருவில் போலீஸ்காரர், வீட்டில் பெரியவர்கள், மைதானத்தில் நடுவர். ஆனால் தண்டிக்கிறவரே தவறிவிட்டால்? இந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய நீதி நூல்களில்கூட நேரான விடை கிடைப்பதில்லை. "அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார்" என்று ஒரு படி ஏற்றிவிட்டு நழுவிவிடுவார்கள். அப்படியே படிப்படியாக ஏறிப் போனால் கடைசியில் கடவுளிடம்தான் போய் நிற்க வேண்டும். அவரிடம் மேல்முறையீடு செய்தவர்கள் யாருக்கும் தீர்ப்பின் நகல் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கேள்வியை ஒளிவு மறைவில்லாமல் எடுத்துக்கொண்டு, அதற்கு விடையும் சொல்லியிருக்கிற ஒரு புத்தகத்தை அண்மையில் படித்தேன். தத்துவ நூல் அல்ல. கூடைப்பந்து ஆட்டத்தின் சட்டப் புத்தகம். சர்வதேசச் சம்மேளனம் வெளியிடுகிற அந்தப் புத்தகத்தில் 44-ஆவது விதிக்குத் 'திருத்தக்கூடிய பிழைகள்' என்று பொருள்படும் தலைப்பு. இரண்டு பக்கம்கூட இராது. நடுவர்கள் பிழை செய்வார்கள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, எந்தப் பிழையைத் திருத்தலாம், எதுவரையில் திருத்தலாம், எப்படித் திருத்தலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக இப்படி ஒரு விதி எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடத் தயார்.

நான் கதை எழுதுகிறவன். கூடைப்பந்து ஆடுகிறவன் அல்ல. என் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. இருப்பது திருவொற்றியூரில். இந்தப் பக்கத்தில் கூடைப்பந்துக்கு முதல் மரியாதை கிடையாது. ராயபுரத்துப் பையன் நடக்கப் பழகும்போதே எதையாவது உதைக்கப் பழகிவிடுவான். கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் ஆகிய மூன்றும்தான் வடசென்னையின் குலதெய்வங்கள். கூடைப்பந்து கொஞ்சம் சட்டை போட்ட ஆட்டம். பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையும் ஒரு டிரில் மாஸ்டரும் வாய்த்த இடத்தில்தான் அது வேர் பிடித்தது.

அந்த டிரில் மாஸ்டர்களின் வம்சத்துக்கும் ஒரு மூல புருஷர் உண்டு. 1891-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்களைக் கூரைக்குக் கீழேயே ஓடியாட வைப்பதற்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-இல் நம் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியை நிறுவினார். அதுதான் இன்று நந்தனத்தில் கல்லூரியாக இருக்கிறது. அங்கே தேறியவர்கள் கழுத்தில் விசிலும் கையில் ஒரு சட்டப் புத்தகமுமாக ஊர் ஊராகப் போனார்கள்.

நெய்ஸ்மித் முதலில் எழுதியவை 13 விதிகள். அவற்றில் 'ஃப்ரீ த்ரோ' கிடையாது. ஒரு கட்சி தொடர்ந்து மூன்று முறை முறைதவறி ஆடினால் எதிர்க்கட்சிக்கு ஒரு கூடை இனாம், அவ்வளவுதான். இனாமாகக் கொடுப்பதைவிட, 'நீயே போட்டு எடுத்துக்கொள்' என்று விடுவது மேல் என்று பிறகு தோன்றியிருக்கிறது. சில ஆண்டுகளுக்குள் ஃப்ரீ த்ரோ வந்தது. புத்தகத் தமிழில் அதைத் 'தனி எறி' என்கிறார்கள். மைதானத்தில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே நானும் ஃப்ரீ த்ரோ என்றே சொல்கிறேன்.

ஆட்டம் முழுவதும் பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள். திடீரென்று விசில். எல்லாரும் நிற்கிறார்கள். அடிபட்டவன் ஒருவன் மட்டும் கோட்டருகில் வருகிறான். எதிரே 15 அடி தூரத்தில் பலகை. அதில் 10 அடி உயரத்தில் வளையம். யாரும் அவனை மறிக்கக் கூடாது. ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் இருக்கிற அமைதி அப்போது இருக்கும்.

அந்த அமைதியில்தான் பிழையும் பிறக்கிறது. ஓடுகிற ஆட்டத்தில் நடுவருக்குக் கண் மட்டும் போதும். நின்ற ஆட்டத்தில் கணக்கு வேண்டும். அடித்தது யார், அடிபட்டது யார், எறிவது ஒன்றா இரண்டா மூன்றா, இந்தக் கால்பகுதியில் அந்தக் கட்சிக்கு இது எத்தனையாவது ஃபவுல் என்று எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சரிபார்க்க வேண்டும். ஒரு கால்பகுதியில் ஒரு கட்சி நான்கு ஃபவுல் வரை செய்யலாம். ஐந்தாவதிலிருந்து, எறிய முயலாத ஆட்டக்காரனை அடித்தால்கூட அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கணக்கு வந்த இடத்தில் கணக்குப் பிழையும் வரும்.

கோட்டருகில் நிற்கிற ஆட்டக்காரர்கள் செய்கிற தவறுகளுக்கு மருந்து அங்கேயே உண்டு. எறிகிறவன் கோட்டை மிதித்தால், பந்து விழுந்தாலும் புள்ளி இல்லை. எதிராளி பொறுமையில்லாமல் முன்னாலேயே உள்ளே பாய்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். பந்து கூடையில் விழுந்துவிட்டால் அவன் பாய்ந்ததை யாரும் பொருட்படுத்துவதில்லை. விழாவிட்டால், இன்னொரு முறை எறியச் சொல்வார்கள். யாருக்கும் நஷ்டம் செய்யாத தவறை அந்தச் சட்டம் பெரிதுபடுத்துவதில்லை. நம் வீடுகளில் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிச் சண்டை குறையும்.

நடுவரின் பிழை அப்படியல்ல. அதற்குத்தான் 44-ஆவது விதி. திருத்தக்கூடிய பிழைகள் நான்கே நான்கு: உரிமையில்லாதவர்களுக்கு ஃப்ரீ த்ரோ கொடுப்பது; உரிமையுள்ளவர்களுக்குக் கொடுக்காமல் விடுவது; புள்ளியைத் தவறாகக் கொடுப்பது அல்லது அழிப்பது; எறிய வேண்டியவனை விட்டு வேறொருவனை எறிய விடுவது. இவ்வளவுதான். 'அவன் என்னை இடித்தான், நடுவர் பார்க்கவில்லை' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அது கண்ணின் தீர்ப்பு. கண் பார்த்தது பார்த்ததுதான், பாராதது பாராததுதான். விதி தெரிந்திருந்தும் கை தவறியதை மட்டுமே இந்த வழியில் திருத்தலாம்.

அதற்கும் ஒரு கெடு உண்டு. இந்த ஆட்டத்தில் பந்துக்கு உயிரும் சாவும் உண்டு. விசில் ஊதினால் பந்து செத்துவிடும். ஓரக்கோட்டில் நின்று எறிகிறவன் கையில் அதைக் கொடுத்தால் உயிர் பெறும். பிழை நடந்து, கடிகாரம் ஓடத் தொடங்கி, அதன் பிறகு பந்து முதன்முறையாகச் சாகிறதே, அது மறுபடி உயிர் பெறுவதற்குள் பிழையைக் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்டால் திருத்தலாம். பந்துக்கு உயிர் வந்துவிட்டால் பிழையும் ஆட்டத்தோடு சேர்ந்து உயிர் பெற்றுவிடும். பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் படித்தபோது இது எனக்குக் கொடுமையாகவே பட்டது. ஓர் அநியாயம் நடந்தது உண்மை என்றால், பத்து நிமிஷம் கழித்துத் தெரிந்தால் மட்டும் அது அநியாயம் இல்லாமல் போய்விடுமா? இந்த எண்ணத்தோடுதான் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் ஒரு பந்தயம் பார்க்க உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம் ராயபுரத்துப் பையன்கள். இன்னொரு பக்கம் ஓர் ஆலையில் வேலை செய்கிற இளைஞர்கள்; முதல் ஷிப்டு முடிந்து, குளித்தும் குளிக்காமலும் வந்தவர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வால் நீண்டு நின்றன. கடற்காற்று தூரத்து எறிகளை ஓர் அங்குலம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. நடுவர்கள் இருவர். மூத்தவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். தலை நரைத்திருந்தாலும் ஓட்டம் நரைக்கவில்லை. ஓரத்து மேஜையில் கணக்கு எழுதியது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். நான்கு பேர் செய்ய வேண்டிய மேஜை வேலையை அவளும் இன்னொரு பையனுமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் கால்பகுதியில் ராயபுரத்து 7-ஆம் எண்காரன் கூடைக்கு எறியும்போது அடித்துவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் 11-ஆம் எண்காரன் கோட்டருகில் வந்து நின்றுவிட்டான். இருவரும் ஒரே வார்ப்பு. திட்டமா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நடுவர் பந்தைக் கொடுத்தார், இரண்டும் விழுந்தன. ஆலைக்காரர்கள் பந்தை எடுத்து ஆடத் தொடங்கினார்கள். நாலைந்து கை மாறியதும் ராயபுரத்துப் பையன் ஒருவன் தட்டிவிட்டதில் பந்து வெளியே போயிற்று. விசில்.

அப்போதுதான் மேஜையில் மணி அடித்தது. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். நடுவர் பந்தை ஓரக்கோட்டுப் பையனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அவன் கை பந்தில் பட இன்னும் ஒரு சாண் இருந்தது. நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"சார், அடிபட்டது 7. போட்டது 11."

அவர் மற்ற நடுவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மூத்தவர் மைதானத்தின் நடுவே போய், எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே வீசினார். புள்ளி ரத்து என்பதற்கு அதுதான் சைகை. பிறகு தம் நெஞ்சை ஒருமுறை தொட்டுக்காட்டினார். அது சட்டப் புத்தகத்தில் உள்ள சைகை அல்ல. 'பிழை என்னுடையது' என்பதற்கு அவரே வைத்துக்கொண்ட சைகை.

ராயபுரத்துக் கூட்டம் சும்மா இருக்குமா? "இன்னா சார் இது? கூடையில வுழுந்தது வுழுந்ததுதானே!" என்று ஒரே கூச்சல். அந்தப் பெண்ணும் ராயபுரம்தான் என்பது பிறகு தெரிந்தது. இடைவேளையில் ஒரு சின்னப் பையன் அவளிடம் வந்து, "இன்னாக்கா, நம்ம ஆளுங்களுக்கே ஆப்பு வச்சிட்டியே!" என்றான். "என் கையில பேனா இருக்குடா. நான் இன்னா பண்றது?" என்றாள் அவள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் ஒரு நீதிக்கதையை எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். ஆட்டம் முடியவில்லை. கடைசிக் கால்பகுதியில் ராயபுரத்துக்காரன் ஒருவன், பந்தைத் தட்டிக்கொண்டு போன ஆலைக்காரனின் கையில் அடித்தான். அது அந்தக் கட்சிக்கு ஐந்தாவது ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்க வேண்டும். மேஜைமேல் வைக்க வேண்டிய சிவப்பு அடையாளத்தை யாரும் வைக்கவில்லை. அந்தப் பெண் ஆள் மாற்றத்தை எழுதிக்கொண்டிருந்தாள். நடுவர் ஓரக்கோட்டிலிருந்து எறியச் சொல்லிவிட்டார். ஆட்டம் ஓடிற்று. பந்து செத்தது, பிழைத்தது, மறுபடி செத்தது. இரண்டு நிமிஷம் கழித்து ஆலைக் கட்சியின் பயிற்சியாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

நடுவர் கணக்குத் தாளைப் பார்த்தார். எண்ணினார். ஐந்துதான். "நீங்க சொல்றது சரி சார். ஆனா நேரம் போயிடுச்சு" என்றார். அவ்வளவுதான், விசில் ஊதிவிட்டார். அந்த ஆட்டத்தில் ஆலைக் கட்சி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

முன்பு திருத்தத்தால் லாபம் அடைந்த கட்சியே, பின்பு திருத்தம் கிடைக்காமல் நஷ்டப்பட்டது. அந்தப் பெண் மேஜையிலேயே அழுதுவிட்டாள். நடுவர் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, "எண்ண வேண்டியவன் நானும்தாம்மா. தாளைக் கொடு" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து விழுந்ததும் ஆட்டத்துக்கும் நடுவருக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

மைதானத்து வாசலில் ஒரு டீக்கடை. கதை எழுதுகிறவனுக்கு உள்ள கெட்ட பழக்கம், பிறர் வருத்தத்தில் இருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவது. போய் உட்கார்ந்தேன்.

"சார், தப்பு நடந்தது உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் திருத்தாம விடறது நியாயமா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நியாயம் இல்லை சார். ஆனா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷம் பின்னாலே போய் அந்த ஃப்ரீ த்ரோவைக் கொடுக்கிறேன்னு வச்சுக்குவோம். அதுக்கப்புறம் பசங்க ஓடின ஓட்டம்? போட்ட கூடை? அதெல்லாம் யாரு கணக்கு? ஒரு தப்பைப் பிடுங்கப் போனா அதைச் சுத்தி முளைச்சதெல்லாம் சேர்ந்து வரும். அதனாலதான் முளைக்கிறதுக்குள்ள பிடுங்குன்னு ரூல் சொல்லுது."

"அப்படின்னா, லேட்டாத் தெரிஞ்சா?"

"லேட்டாத் தெரிஞ்சா, நான் ராத்திரி தூங்கமாட்டேன். அது ரூல்ல இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெடு என்று ஒன்று இல்லாமல் திருத்தப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் பந்தயத்தின் இறுதி ஆட்டம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும். 1936-இல் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்ந்ததிலிருந்து அமெரிக்கா அங்கே ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. ஆட்டம் முடிய மூன்று விநாடி இருக்கும்போது சோவியத் 49, அமெரிக்கா 48. டக் காலின்ஸ் என்ற அமெரிக்கரைக் கீழே தள்ளிவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. இரண்டாவதை எறியப் போகிற சமயத்தில் மேஜையிலிருந்து ஊதுகுழல் ஒலித்தது. காலின்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எறிந்தார். அதுவும் விழுந்தது. அமெரிக்கா 50, சோவியத் 49.

அந்த ஊதுகுழலிலிருந்துதான் வினை தொடங்கிற்று. 'நாங்கள் இடைநிறுத்தம் கேட்டிருந்தோம், கொடுக்கவில்லை' என்று சோவியத் பயிற்சியாளர்கள் மேஜைக்கு ஓடி வந்தார்கள். ஒரு விநாடி பாக்கி இருக்கையில் ஆட்டம் நின்றது. சம்மேளனத்தின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, மூன்று விரலைக் காட்டி, மூன்று விநாடியிலிருந்து மறுபடி ஆடுங்கள் என்றார். நடக்கிற ஆட்டத்தில் தலையிட அவருக்கு அதிகாரம் கிடையாது. மறுபடி ஆடினார்கள். கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைப்பதற்குள் முடிவு ஒலி கேட்டுவிட்டது. அமெரிக்கர்கள் வென்றுவிட்டோம் என்று குதித்தார்கள். மூன்றாவது முறையும் ஆடச் சொன்னார்கள். இந்தத் தடவை எடெஷ்கோ மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து வீசிய பந்தை மறு கோடியில் அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட்டார். சோவியத் 51, அமெரிக்கா 50.

நடுவர்களில் ஒருவரான பிரேசில்காரர் ரெனாட்டோ ரிகெட்டோ கணக்குத் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அமெரிக்கா முறையீடு செய்தது. ஐந்து பேர் கொண்ட குழு மூன்றுக்கு இரண்டு என்று அதைத் தள்ளிற்று. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களை வாங்க மறுத்துவிட்டார்கள். இடைநிறுத்தம் கேட்டது உண்மையா, இல்லையா என்று இன்றும் இரு தரப்பும் சாதிக்கின்றன. எனக்கு அதில் கட்சி இல்லை. மூன்று விநாடியை மூன்று தடவை ஆடியும் யாருக்கும் மனம் ஆறவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திருத்துகிறவருக்கு அதிகாரம் இல்லை, திருத்தத்துக்கு எல்லை இல்லை என்றால், திருத்தமே புதிய பிழையாகிவிடுகிறது.

டிரில் மாஸ்டர் சொன்னது சரிதான் என்று என் அறிவு ஒப்புக்கொண்டது. ஆனால் மனம் அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. காரணம், என் சித்தப்பா.

சித்தப்பா 1960-இல் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வயது போதவில்லை என்று, தலைமை ஆசிரியர் இரண்டு வயதைக் கூட்டி 1958 என்று எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் அது பிழையே அல்ல, உபகாரம். இப்படி ஜூன் மாதத்தில் பிறந்ததாக எழுதப்பட்ட குழந்தைகள் தமிழ்நாடு முழுவதும் நிறைந்திருக்கிறார்கள். 1981-இல் இந்தத் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. பணிப்பதிவேட்டில் எழுதிய குமாஸ்தா, பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத் தேதியை உரக்கப் படித்து, "சரிதானே?" என்று கேட்டாராம். "சரி சார்" என்றாராம் சித்தப்பா. கிடைத்த வேலை கை நழுவிவிடுமோ என்ற பயம். உண்மையான தேதி தலைமை ஆசிரியருக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். மூன்று பேரும் வாய் திறக்கவில்லை.

2016-இல், 56 வயதில், 58 வயது ஆகிவிட்டதென்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்ன மகள் அப்போது என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. வீட்டுக் கடன் பாக்கி. இரண்டு வருஷச் சம்பளம் என்பது அந்த வீட்டில் வெறும் எண் அல்ல. கடைசி ஆறு மாதமும் சித்தப்பா ஒரு காக்கி உறையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். உறைக்குள் பாட்டி வைத்திருந்த ஜாதகக் குறிப்பு. "அஞ்சு வருஷத்துக்குள்ள வந்திருக்கணுமே" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் வேலையில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும் என்பது அரசுப் பணி விதி. அந்த அலுவலகத்திலும் அதுவே நடைமுறை. 1986-லேயே சித்தப்பாவின் பந்துக்கு உயிர் வந்துவிட்டது.

அப்போது எனக்கு அந்த விதியின்மேல் தாங்க முடியாத கோபம். பிற்பாடு 1993-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சொன்ன காரணத்தைப் படித்தேன். ஒருவருக்கு வயதைத் திருத்தி அதிக காலம் பணியில் வைத்தால், அவருக்குக் கீழே பல ஆண்டுகளாகப் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையாகப் பாதிக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். டீக்கடையில் டிரில் மாஸ்டர் சொன்னதும் அதேதான்: சுற்றி முளைத்ததெல்லாம் சேர்ந்து வரும். சித்தப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றிருப்பார். அவர் வீட்டிலும் ஒரு மகள் படித்திருப்பாள். அவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நாவலில் அவரும் ஒரு பாத்திரம். குடும்பத்தில் அவர் எதிரி.

கெடுவின் நியாயம் இப்போது எனக்குப் புரிகிறது. அதனால் சித்தப்பாவின் நஷ்டம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இரண்டும் உண்மை. இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்களை நான் நம்புவதில்லை.

44-ஆவது விதியில் இன்னொரு வாசகம் உண்டு. பிழையைத் திருத்தினாலும், இடையில் ஓடிய நேரமும் இடையில் போட்ட புள்ளிகளும் அப்படியே நிற்கும். கடிகாரத்தைப் பின்னால் தள்ளமாட்டார்கள். எங்கே நிறுத்தித் திருத்தினார்களோ அங்கிருந்துதான் மேலே ஆட வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கதைதான் நினைவுக்கு வந்தது.

திருவொற்றியூர்க் கோயிலில் ஒரு மகிழமரம் உண்டு. சங்கிலியாரை மணந்த சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று அதன் அடியில்தான் சத்தியம் செய்தார். அதிலும் ஒரு தந்திரம். சந்நிதியில் சத்தியம் கேட்பார்கள், அந்த நேரத்தில் நீங்கள் மகிழமரத்தில் போய் இருங்கள் என்று இறைவனிடம் ஏற்பாடு செய்துகொண்டார் அவர். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். நடுவர் தாமே ஆட்டத்தில் இறங்கிய கதை! மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. சத்தியம் மீறித் திருவாரூருக்குப் புறப்பட்ட சுந்தரருக்கு இந்த ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மன்றாடிக்கொண்டே போனார். ஒரு கண் காஞ்சியில் கிடைத்தது; மற்றது திருவாரூரில்தான்.

கண் திரும்பி வந்துவிட்டது, சரி. ஆனால் காஞ்சிவரையில் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடந்த வழி? அது திரும்பி வரவில்லை. அந்த நடை அவர் கணக்கிலேயே நின்றுவிட்டது. கடவுள் திருத்தியபோதும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளவில்லை என்றால், விசில் ஊதுகிற மனிதர்களிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி?

ஆகவே எல்லாம் கெடுவுக்கு முந்திய அந்தச் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது. மைதானத்தில் அது சில விநாடி. அலுவலகத்தில் ஐந்து ஆண்டு. வீட்டில் எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை; ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்து, எதிரே இருப்பவர் எழுந்து உள்ளே போவதற்கு ஆகிற நேரமாக இருக்கலாம். அந்த இடைவெளியில் எழுந்து நிற்பதற்கு நடுவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'சார், அடிபட்டது இவர். போட்டது அவர்' என்று சொல்லத் தெரிந்தால் போதும். சொல்கிறவர் நம் தெருக்காரருக்கு எதிராகச் சொல்ல நேரலாம். அடுத்த முறை அவரே எண்ணத் தவறிவிடவும் கூடும். அப்போதும் முதல் முறை சொன்னது சொன்னதுதான்.

சித்தப்பாவுக்கு இப்போது வயது, ஜாதகத்தின்படி ஒன்று, பதிவேட்டின்படி ஒன்று. மகள் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவளுடைய அலுவலகத்துத் தாள்களை எல்லாம் தாமே வாங்கிப் பார்த்தாராம். பெயர், இனிஷியல், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்து, ஓர் எழுத்து தவறியிருந்த இடத்தைக் காட்டி, "நாளைக்கே போய்ச் சொல்லிடு. அடுத்த வாரம்னு வச்சுக்காதே" என்றாராம். கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் அவர்.